பதிவேட்டில் ஒரு வரி

முதிய வயதில் பிள்ளையைத் தேடி நாடு விட்டு நாடு சென்ற பெற்றோர் யார் என்று திருவிவிலியத்தில் தேடினால், முதலில் நினைவுக்கு வருபவர் குலமுதுவர் யாக்கோபு. இறந்துவிட்டான் என்று அவர் அழுது தீர்த்த மகன் யோசேப்பு எகிப்தில் உயிரோடு இருக்கிறான், அதுவும் நாட்டையே ஆளும் பொறுப்பில் இருக்கிறான் என்று சொன்னபோது, அவர் உள்ளம் மரத்துப்போயிற்று. அவர் நம்பவில்லை. மகன் அனுப்பிய வண்டிகள் வாசலில் வந்து நிற்பதைக் கண்ட பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது என்று தொடக்கநூல் கூறுகிறது.

குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது, மீட்பு வரலாற்றில் இது பெறும் இடம் என்ன, எந்தெந்த மரபுகள் இதில் கலந்துள்ளன என்றெல்லாம் கற்றோம், தேர்வும் எழுதினோம். அந்த வண்டிகளைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அவை பார்வோனின் கட்டளையால் வந்த வண்டிகள். அரசனே அழைத்துவிட்டபடியால் யாக்கோபு யாரிடமும் விண்ணப்பம் நீட்டவில்லை. உமக்கு வயது எத்தனை என்று பார்வோன் கேட்டபோது, 130 என்று அவர் தம் வாயால் சொன்னதே போதுமானதாயிற்று. அதற்குச் சான்றிதழ் எங்கே என்று அரண்மனையில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வண்டிகளின் அருமையை எனக்கு உணர்த்தியவர்கள் என் பங்கு மக்களில் இருவர். அவர்களைப் பற்றியும், அவர்கள் காரியத்தில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதவே இன்று பேனாவை எடுத்தேன்.

காவிரியின் கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு பங்கில் நான் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முதிய தம்பதியர் வாழ்ந்துவந்தனர். பெயர்களை எழுதவில்லை, எழுதினால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. பெரியவர் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா சனிக்கிழமைதோறும் மாதா கெபியைக் கழுவிக் கோலமிட்டுப் பூ வைப்பவர். ஒரே மகன். 2003-ஆம் ஆண்டு கணினிப் பணிக்காக அமெரிக்கா சென்றவர், நியூ ஜெர்சி மாநிலத்தில் குடும்பத்தோடு தங்கிவிட்டார். 2012-இல் பேத்தி பிறந்தபோது பெற்றோர் இருவரும் பார்வையாளர் விசாவில் சென்று, ஆறு மாதம் இருந்து, பனியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த விசாவில் தம் பெயர் அச்சாகியிருந்த விதத்தைப் பெரியவர் ஒருநாள் எனக்குக் காட்டினார். நம்மவர்களுள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரில் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டு, சொந்தப் பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்துகளை இடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள்.

"36 வருடம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுத்தேன், சாமி. கடைசியில் எனக்கே பெயர் இல்லையாம்" என்று சொல்லிச் சிரித்தார். மகனோ அந்நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டிருந்தார், பேத்திக்கும் அதுவே. ஆக, இரண்டு தலைமுறையினர் அங்கே அவர் பெயரால் வழங்கப்பட்டார்கள். அப்பெயருக்கு உரியவரின் காகிதத்தில் மட்டும் ஒரு கட்டம் 'தெரியவில்லை' என்று நின்றது.

2018-ஆம் ஆண்டு மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அந்நாட்டுச் சட்டப்படி, நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர் தம் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுச் செய்ய இயலாது. 21 வயது நிரம்பிய குடிமகனுக்கே அது இயலும். ஆனால் குடிமகனின் பெற்றோர் நெருங்கிய உறவினராகக் கருதப்படுவதால், சகோதரர்களுக்கு இருப்பதுபோல ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்னும் வரம்பு அவர்களுக்கு இல்லை. எனவே ஓராண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்றே அனைவரும் எண்ணினோம்.

ஐ-130 என்னும் மனுவை மகன் இரண்டாகக் கொடுத்தார்: தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. கணவனும் மனைவியுமாயிற்றே, ஒரே மனுவில் இருவர் பெயரையும் எழுதினால் ஆகாதா என்று நான் கேட்டேன். ஆகாதாம். ஒவ்வொருவரும் மகனுக்குத் தனித்தனியே என்ன உறவு என்பதைத்தான் அச்சட்டம் பார்க்கிறது. தாய் என்று காட்ட மகனின் பிறப்புச் சான்று போதும். தந்தை என்று காட்ட அதோடு பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். எங்கள் பங்கின் 1974-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டில் இருவரும் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தார்கள். அந்த வரியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த சான்று கடல் கடந்து சென்று, இரண்டு கோப்புகள் உருவாகத் துணைசெய்தது.

மனுக்கள் ஏற்கப்பட்டதும் அவை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குச் சென்றன. அங்கே கட்டணம் கட்டவேண்டும், டி.எஸ்.-260 என்னும் விண்ணப்பத்தை நிரப்பவேண்டும். பிறப்பு, திருமணம், காவல்துறைச் சான்றுகளை அனுப்பவேண்டும். அவற்றோடு மகன் கையொப்பமிடவேண்டிய ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. பெற்றோரையும் சேர்த்து எண்ணும்போது குடும்பத்தின் வருமானம், அரசு வகுத்துள்ள வறுமைக் கோட்டின் அளவில் குறைந்தது 125 விழுக்காடு இருக்கவேண்டும். பெற்றோர் அரசாங்கத்துக்குப் பாரமாகாதபடி நான் தாங்குவேன் என்று மகன் எழுதித் தருகிறார். அது வெறும் சொல் அன்று. நீதிமன்றத்தில் நிற்கும் ஒப்பந்தம்.

நான்காம் கட்டளையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். அதை விழுக்காட்டுக் கணக்கில் கண்டது அப்போதுதான். முதலில் எனக்குச் சற்றுக் கசப்பாகவே இருந்தது. பிறகு யோசித்தேன்: நம் ஊரில் எத்தனை பிள்ளைகள், பெற்றோருக்குச் சோறு போடுவேன் என்று கையொப்பமிட்டுத் தர முன்வருவார்கள்? அந்த மகன் தயங்காமல் கையொப்பமிட்டார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1970 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு, குறிப்பாகச் சிற்றூர்களில், பிறப்புச் சான்று கிடையாது. அத்தகையோர், பதிவு இல்லை என்று உள்ளூர் அதிகாரியிடம் ஒரு சான்று பெற்று, அதோடு பள்ளிச் சான்று, திருமுழுக்குச் சான்று, பிறப்பை அறிந்த மூத்தவர்களின் சத்தியப் பத்திரம் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆகவே கிறிஸ்தவ முதியோருக்குத் திருமுழுக்குப் பதிவேடு ஒரு பெரிய துணை. பெரியவரின் சொந்த ஊர் வேறு மறைமாவட்டத்தில் இருந்தது. அவ்வூர்ப் பங்குத்தந்தை நான்கே நாளில் அவருடைய சான்றை அனுப்பிவிட்டார். அந்த அம்மா பிறந்தது எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில். பதிவேடு என் அலுவலக அலமாரியிலேயே இருந்தது.

2019 ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கெபிக்குப் பூ வைத்துவிட்டு அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். மகன் எழுதி அனுப்பிய விவரத்தை ஒரு தாளில் கொண்டுவந்திருந்தார். வாங்கி மேசைமேல் வைத்தேன். எங்கள் பங்கு விண்ணேற்பு அன்னையின் பங்கு. ஆகஸ்டு 6-இல் கொடியேற்றம், 15-இல் பெருவிழா. வரி வசூல், பந்தல், தேர், நாள்தோறும் வரும் மறையுரையாளர்களுக்கு உணவு என்று ஆயிரம் வேலைகள். அடுத்த சனிக்கிழமையும் அம்மா வந்தார், கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம், "சாமி, அந்தக் காகிதம்..." என்று தொடங்கினார். "திருவிழா முடியட்டும், அம்மா" என்றேன். "சரிங்க சாமி" என்று போய்விட்டார். அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

திருவிழா முடிந்தது, கணக்கு முடிக்கும் வேலை வந்தது. ஆகஸ்டு கடைசி வாரத்தில் ரசீதுப் புத்தகங்களை அடுக்கும்போது அவற்றின் அடியில் அத்தாள் கிடந்தது. ஆறு வாரங்கள். அலமாரிக்கும் மேசைக்கும் இடையே எட்டடி தூரம். பதிவேட்டைத் திறந்து வரியைத் தேடி எடுக்க எனக்குப் பிடித்தது பத்து நிமிடம்.

ஆனால் எடுத்த வரி ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. இலத்தீன் மொழியில், ஓரம் பொடிந்த தாளில், அன்றைய பங்குத்தந்தையின் சாய்ந்த கையெழுத்தில், அந்த அம்மா 1951 செப்டம்பரில் பிறந்ததாக எழுதியிருந்தது. பள்ளிச் சான்றிலோ 1953. பாஸ்போர்ட் பள்ளிச் சான்றைப் பின்பற்றியிருந்தது. அக்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே மதிப்பாக ஒரு தேதியை எழுதிக்கொள்வது வழக்கம். நம் பெரியவர்களில் பலர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகக் காணப்படுவதற்குக் காரணம் அதுவே.

"ஒற்றை இலக்கம்தானே, சாமி. சான்றிதழில் 1953 என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதிவேட்டை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றார் உபதேசியார். நல்ல மனிதர், அந்தக் குடும்பத்தின் மேலுள்ள பரிவால் சொன்னார். நான் மறுத்தேன்.

பதிவேடு எனக்குச் சொந்தமானதன்று. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தையர் திருமணங்களை ஏட்டில் பதிந்து பாதுகாக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் எண், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகள் இருக்கவேண்டும் என்கிறது. பழைய ஏடுகளையும் கருத்தோடு காக்கச் சொல்கிறது. திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் ஒருவர் பெற்ற உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம், துறவற வாக்கு ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். ஒருவரின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு வரியின் ஓரத்தில் வந்து சேர்கிறது. அதில் ஓர் இலக்கத்தை நம் வசதிக்காக மாற்றினால், மற்ற வரிகளை யார் நம்புவது? மாற்றவில்லை. உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன்.

வேறுபாட்டை மறைக்காமல் விளக்கி, மூத்தவர்களின் சத்தியப் பத்திரங்களை இணைக்கவேண்டும் என்று மகன் கலந்துகொண்ட வழக்கறிஞர் கூறினார். அந்த அம்மாவின் ஞானத்தாய் அப்போதும் உயிரோடு இருந்தார், வயது 84. பதினாறு வயதில் திருமுழுக்குத் தொட்டியருகே பிள்ளையைக் கையில் ஏந்தியவர். நோட்டரி வழக்கறிஞரிடம் அவரை அழைத்துச் சென்றோம். ஆண்டு எது என்று கேட்டதற்கு, "ஆண்டெல்லாம் தெரியாது, ஐயா. பெரிய புயல் அடித்ததே, அன்றைக்கு இவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். ஓடு பறந்த வீட்டிலிருந்து நான்தான் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்" என்றார். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலை அப்பகுதியில் மறந்தவர் இல்லை. 1953-இல் பிறந்த பிள்ளை 1952-இல் எப்படி நடக்கும்? அந்த முதியவளின் நினைவும் இலத்தீன் வரியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவர் பெருவிரல் பதித்தார்.

இவ்வளவும் முடிய நவம்பர் ஆயிற்று. அனுப்பிய சத்தியப் பத்திரம் ஒன்றில் நாங்கள் ஒரு விவரத்தை விட்டிருந்தோம், திருத்தி அனுப்பினோம். 2020 பிப்ரவரியில் அந்த அம்மாவின் ஆவணங்கள் முழுமையாக ஏற்கப்பட்டன.

பெரியவரின் கோப்போ முன்னமே நிறைவுபெற்று, ஜனவரியிலேயே மும்பையில் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர் போக மறுத்தார். மகன் தொலைபேசியில் என்னிடம் பேசி, எடுத்துச் சொல்லும்படி வேண்டினார். நானும் சென்று, "நீங்கள் முன்னே போங்கள், ஐயா. அம்மா மூன்று மாதத்தில் பின்னால் வரட்டும்" என்றேன்.

"எங்களை ஒரே வரியில் எழுதியது உங்கள் கோவில்தானே, சாமி? அவர்கள் இரண்டு கட்டாகக் கட்டினால், நானும் பிரிந்து போகவேண்டுமா?" என்றார்.

அடுப்படியிலிருந்து அந்த அம்மா, "போகச் சொல்லுங்க சாமி, நான் கோழியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்றார். பெரியவர் அசையவில்லை. நேர்காணலை ஒத்திவைக்க எழுதிப்போட்டார்கள்.

பின்பு நடந்ததை உலகமே அறியும். 2020 மார்ச் 20-இல், பெருந்தொற்றை முன்னிட்டு, அமெரிக்கா தன் தூதரகங்களில் வழக்கமான விசாப் பணிகளை உலகெங்கும் நிறுத்திவைத்தது. ஏப்ரலில் அந்நாட்டு அதிபரின் ஓர் ஆணை, நிரந்தரமாகக் குடியேற வருவோரின் நுழைவைத் தடுத்தது. குடிமக்களின் கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. அறுபது நாளுக்கு என்று தொடங்கிய ஆணை நீட்டிக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 24-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இனிக் கதவு திறக்கும் என்று மகன் எழுதினார். திறப்பதற்குள் நம் நாட்டில் தொற்றின் இரண்டாம் அலை எழுந்தது.

2021 மே மாதம் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற ஆறாம் நாள் இறந்துபோனார். நோயிற்பூசுதல் அளிக்க என்னை உள்ளே விடவில்லை. ஒரு செவிலியர் தொலைபேசியை அவர் காதருகே பிடிக்க, நான் செபித்தேன். கேட்டாரா, தெரியாது. கல்லறையில் உடலை இறக்கியவர்கள் முகம் தெரியாத உடையணிந்த நான்கு பேர். வாயிலருகே நானும், பத்தடி தள்ளிப் பெரியவரும் நின்றோம். மகன் நியூ ஜெர்சியிலிருந்து தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே இறந்தோர் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போதுதான் அந்த ஆறு வாரங்கள் என் முன் வந்து நின்றன. பிறந்தார் என்று எழுதித் தர ஆறு வாரம் எடுத்துக்கொண்ட கை, இறந்தார் என்று எழுத ஒரு மாலைப் பொழுதைத்தான் எடுத்துக்கொண்டது.

அதன்பின் பல இரவுகள் கணக்கிட்டுப் பார்த்தேன். ஜூலையிலேயே சான்று கொடுத்திருந்தால், ஞானத்தாயின் சத்தியம் செப்டம்பரில் முடிந்திருக்கும். திருத்தம் நவம்பரில் முடிந்திருக்கும். மார்ச்சுக்கு முன் இருவரும் மும்பை சென்றிருக்கக்கூடும். 'கூடும்' என்பதற்கு மேல் என்னால் சொல்ல இயலாது. விசா அலுவலகங்களின் காலதாமதத்தைப் பற்றி அந்த இரண்டாண்டுகளில் நான் பேசாத பேச்சில்லை. மறையுரையிலேயே குத்திக் காட்டியதும் உண்டு. அவ்வலுவலகங்களின் வரிசையில் என் மேசையும் ஒன்றாக இருந்ததை நான் சேர்த்து எண்ணியதில்லை.

இதில் நான் இரண்டு தாமதங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். 1951-ஐ 1953 ஆக்க மறுத்ததால் நேர்ந்த தாமதம் ஒன்று. அதற்காக நான் வருந்தவில்லை, நாளையும் மறுப்பேன். உண்மைக்காகக் காத்திருப்பதில் துன்பம் உண்டு, பாவம் இல்லை. மற்றது, எட்டடி நடக்க மனமில்லாததால் நேர்ந்தது. அதற்குத் திருவிழா ஒரு சாக்கு. அன்னையின் விழாவுக்காக ஓடியாடிய நான், அன்னையின் கெபிக்குப் பூ வைத்தவளைக் காக்கவைத்தேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் பெரியவரின் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, எல்லாவற்றையும் நாள் கணக்கோடு சொன்னேன். ஒப்புரவு அருளடையாளத்தில் என் குருவானவரிடம் முன்னமே அறிக்கையிட்டிருந்தேன். ஆனால் இழந்தவர் அவர். அவரிடம் சொல்லாமல் அது முழுமையாகாது என்று பட்டது. அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும், சாமி" என்றார் பிறகு. "அவளே சொன்னாள். சாமிக்குத் திருவிழா வேலை, போய்ப் போய்க் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொன்னாள். நான்தான் உங்களிடம் வந்து கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை."

நான் தலை குனிந்திருந்தேன். பிறகு ஆசிரியருக்குரிய குரலில் ஒன்று சொன்னார்: "இனிமேல் யாருடைய காகிதமும் உங்கள் மேசையில் ஓர் இரவுகூடத் தங்கவேண்டாம். அவ்வளவுதான், சாமி."

என் வாழ்வில் எனக்குக் கிடைத்த பரிகாரங்களில் மிகக் கடினமானது அதுவே. இன்றுவரை காத்து வருகிறேன். இரண்டு முறை தவறியிருக்கிறேன். இரண்டு முறையும் தூக்கம் வரவில்லை.

பெரியவரின் மனு உயிரோடிருந்தது. காவல்துறைச் சான்றைப் புதிதாக வாங்கவேண்டியிருந்தது. துணைவியாரின் இறப்புச் சான்றும் சேர்ந்தது. 2022-இல் மீண்டும் மும்பைக்கு அழைப்பு வந்தது. மகன் வந்து அழைத்துச் சென்றார். நேர்காணலில் என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் தந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாராம். யோசேப்பும் அப்படித்தான்: உங்கள் தொழில் என்னவென்று பார்வோன் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று தம் சகோதரருக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றும் இன்றும், முன்னே சென்றவனுக்குத்தான் அந்நாட்டின் கேள்விகள் தெரியும். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்தது. பிள்ளைகள் எத்தனை பேர், மனைவி எப்போது இறந்தார் என்று கேட்டார்களாம். நான்கு ஆண்டுகள் காத்ததற்கு அவ்வளவே.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு இருந்துவிட்டுத்தான் புறப்பட்டார். அன்று மந்திரிப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, மனைவியின் கல்லறைக்கு வலப்பக்கத்து இடத்தைக் காட்டினார். "அங்கே எதுவானாலும் என்னை இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மகன் சம்மதித்துவிட்டான். இந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், சாமி" என்றார். யாக்கோபும் யோசேப்பிடம் கேட்டது இதுவே: எகிப்தில் என்னை அடக்கம் செய்யாதே என்று ஆணையிடச் செய்தார். அன்றே பங்குப் பேரவையின் குறிப்பேட்டில் அதை எழுதி, அடுத்து வரும் பங்குத்தந்தைக்கென்று கையொப்பமிட்டேன்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான அட்டை பெற்றவர் அந்நாட்டையே வாழிடமாகக் கொள்ளவேண்டும். முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அவ்வுரிமையை இழக்க நேரிடலாம். எனவே பெரியவர் அங்கேதான் வாழ்கிறார். ஆனால் ஆண்டுதோறும் நவம்பர் 2-க்கு வந்துவிடுகிறார். நான் இப்போது வேறு பங்கில் இருக்கிறேன். அன்று மாலை என் பங்கின் கல்லறை மந்திரிப்பை முடித்துக்கொண்டு, மறுநாள் அங்கே சென்று அவரைப் பார்க்கிறேன். பேத்தி தமிழ் எழுதக் கற்றுக்கொள்கிறாளாம். அவரே ஆசிரியர். வருகை எடுக்கிறாராம்.

சென்ற முறை பேசிக்கொண்டிருந்தபோது, தொடக்கநூலில் முன்பு நான் கவனிக்காத ஓர் இடம் நினைவுக்கு வந்தது. யாக்கோபு எகிப்துக்குப் போனபோது யோசேப்பின் தாய் ராகேல் உயிரோடு இல்லை. எப்ராத்துக்குச் செல்லும் வழியில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். 17 ஆண்டுகள் எகிப்தில் வாழ்ந்து, இறக்கும் தறுவாயில் பேரப்பிள்ளைகளுக்கு ஆசி வழங்க எழுந்து அமர்ந்த யாக்கோபு, பேச்சின் நடுவே, வழியில் புதைத்த ராகேலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். விளக்கவுரையாளர்கள் அவ்வசனம் அங்கே ஏன் வருகிறது என்று ஆராய்கிறார்கள். பெரியவரைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஐயம் எழவில்லை.

அன்பு வாசகர்களே, உங்களில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். உங்கள் திருமுழுக்குச் சான்றையும் திருமணச் சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். அவற்றில் உள்ள பெயரும் தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாவிட்டால் மறைக்காமல் விளக்க வழி தேடுங்கள். உங்கள் பிறப்பை அறிந்த மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் சொல்லைப் பதிந்துகொள்ளுங்கள். பங்குத்தந்தை தாமதித்தால், திருவிழாவாயிருந்தாலும், தயங்காமல் மறுபடி போய்க் கேளுங்கள்.

உங்களில் பலர் பள்ளியில், வங்கியில், கிராம நிர்வாக அலுவலகத்தில், மருத்துவமனையில் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்பவர்கள். அந்த மேசைமேல் இன்று ஏதேனும் ஒரு தாள் கிடக்கலாம். அதில் உள்ள பெயருக்குரியவர், உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எண்ணி, இரண்டாம் முறை கேட்காமல் வீட்டில் காத்திருக்கக்கூடும். இன்று மாலை அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.